காய்ச்சலை மறைக்காதீர்கள்!
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளிரும் மழையும் இந்த மலையில் நமக்குப் பழகிப்போனவை. காய்ச்சல் வந்தால், "பனி பட்டிருக்கும், இரண்டு பனடோல் போட்டால் போய்விடும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் கொழுந்துக்குப் போகிறோம். பெரும்பாலான காய்ச்சல் அப்படியே போய்விடும். பனடோலுக்குப் போகாத காய்ச்சல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். டாக்டர்கள் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள்.

இது எப்படி வருகிறது? எலி நடமாடும் புதரிலும் லாலாங் புல்லிலும் காட்டோரத்திலும் ஒரு வகைச் சிற்றுண்ணி வாழ்கிறது. நாய் உடம்பில் தொங்கும் உண்ணி அல்ல. இதன் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது கடிக்கும்போது நோய்க்கிருமி உடம்பில் ஏறுகிறது. கடித்ததும் நமக்குத் தெரியாது. எல்லைப் புதர் வெட்டுவோரும், களை எடுப்போரும், இடுப்பளவு செடிக்குள் நிற்போரும், ரப்பர்க் காட்டில் புல் மிதிக்கும் தோழர்களும் கவனமாயிருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் இது தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

அறிகுறி என்ன? கடித்து 6 முதல் 21 நாளுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும், நெறி கட்டும். கடித்த இடத்தில் சுருட்டு நெருப்பு சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அது வலிக்காது. எல்லாருக்கும் அது வருவதுமில்லை. வந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ் என்று மறைவிடத்திலேயே பெரும்பாலும் இருக்கும்.

தாய்மார்களே, இங்கேதான் ஆபத்து! வெட்கத்தால் நாம் காட்டுவதில்லை. காட்டாததால் டாக்டருக்கும் தெரிவதில்லை. பெண் டாக்டரையோ தாதியையோ கேளுங்கள். "தேயிலைக் காட்டில் வேலை செய்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும். காலங்கடந்தால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் எல்லாம் கெடும்.

மருந்து உண்டா? உண்டு. ஒரு காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. 1948ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்க மருத்துவர்களும், அங்கே பணிபுரிந்த லூத்வெயிட், சாவூர் ஆகியோரும் குளோரம்பெனிகால் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணம் கண்டார்கள். அதே மருந்து டைபாய்டு காய்ச்சலையும் தீர்க்கும் என்பது அந்த வேலையின்போதே தெரியவந்தது. உலகத்துக்கு அந்த மருத்துவம் நம் நாட்டிலிருந்து போனது! இன்று டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள்; தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் உண்டு. பென்சிலின் இதற்குப் பலிக்காது. ஆகவே கடையில் நாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

"லீவு எடுத்தால் சம்பளம் போகுமே" என்கிறீர்கள். போகாது! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, டாக்டர் சான்றளித்த நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் வரை. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இது சலுகையல்ல, உரிமை. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் இது உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க வழி எளிது. முழுக்கைச் சட்டை போடுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். பூச்சி விரட்டும் மருந்து பூசுங்கள். புல்மேல் உட்காராதீர்கள், துணியைப் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றுங்கள். லயத்தைச் சுற்றிப் புல்லும் எலியும் சேரவிடாமல் சுத்தம் செய்யும்படி நிர்வாகத்தை நாம் ஒன்றாகக் கேட்போம்.

தோழர்களே, மூன்று நாள் விடாத காய்ச்சல் என்றால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கறுப்புப் பொருக்கைக் கண்டால் மூன்று நாளும் காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருவர் போர்த்திப் படுத்திருந்தால் கதவைத் தட்டி விசாரியுங்கள். சங்கம் என்பது சந்தா கட்டுவது மட்டுமல்ல; அதுவும் சங்க வேலைதான்.