விளையாட்டு விமானம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் டெய்ரி ஃபார்ம் இல்லங்களில் மாலைதோறும் விமானப் போர் நடைபெறுகின்றது, கணினித் திரையில்தான்! அதனை இகழ நான் எழுந்தேனில்லை. 1929-ஆம் ஆண்டிலேயே எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தரையிலிருந்தே விமானம் ஓட்டப் பயிற்றும் பொறியை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் விமானிகள் அதில் பயின்றனர். அவ்வழி வந்ததே இவ்விளையாட்டு. வேகங் குன்றிச் சரியும் விமானத்தின் மூக்கை மேலும் உயர்த்தினால் மீட்சியில்லை; தாழ்த்தினால்தான் இறக்கைகள் மீண்டும் தாங்கும். இவ்வுண்மையைச் சிறுவன் ஆடியே அறிகின்றான்.

ஒருநாள் என் மகன், "ஏழு விமானம் வீழ்த்தினேன், அப்பா" என்றான். "அவற்றில் இருந்தவர்கள் என்னவாயினர்?" என்றேன். சற்று மௌனம். "அதை ஆட்டம் காட்டாதப்பா" என்றான்.

ஆட்டம் காட்டாததை வரலாறு காட்டும். 2019 பிப்ரவரி 27-இல் வீழ்த்தப்பட்ட மிக் விமானத்திலிருந்து குதித்த அபிநந்தன் வர்த்தமானுக்கு உயிர் ஒன்றே. அவ்வாண்டு ஜூலையில் நம் விமானப்படையே ஒரு கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. அதில் வீழ்ந்தவர் மீண்டும் எழுவர். 1942 ஏப்ரலில், அந்நாளில் போர்ட் பிளேர் எனப்பட்ட இவ்வூர்த் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கடல் விமானங்களை ஆங்கிலேயரின் ஹட்சன் விமானங்கள் தாக்கின. அன்று கரையில் இத்தீவு மக்கள் வாழ்ந்தனர்.

பெற்றோர்களே, விளையாட்டைப் பறியாதீர். அருகமர்ந்து, கரையிலிருந்தோர் கதையையும் கூறுங்கள். பறக்கப் பழகும் பிள்ளை, தரையில் நிற்போரை மறவாதிருக்கட்டும்.