கட்சியும் நடுவுநிலைமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலவர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு புகைவண்டித் துறையில் எழுத்தராகக் காலந்தள்ளும் எமக்கும் கால்மணி நேரம் அளித்துள்ளார்கள். இலக்கியம் பேச யாம் துணியோம். தேநீர்க் கடையில் நாளும் அலசப்படும் அரசியலைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம். எக்கட்சி நன்று, எக்கட்சி தீது என்பதன்று எம் பேச்சு. அதிகாரத்தில் இருப்பவர்மீது ஒரு பழி எழுந்தவுடன், அதனைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் நாவை எவ்வாறு புரட்டிக்கொள்கின்றனர் என்பதே.

நாம் குடியேறி வாழும் இக்கருநாடகத்திலேயே இதற்கு இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு.

2011 ஜனவரித் திங்களில், அப்போது ஆளுநராயிருந்த எச். ஆர். பரத்வாஜ், முதலமைச்சர் எடியூரப்பாமீது நிலம் விடுவித்தது தொடர்பாக வழக்குத் தொடர இசைவளித்தார். இசைவளிக்கலாகாது என்று அமைச்சரவை முன்னரே தீர்மானித்திருந்தது. மறுநாள் ஆளுங்கட்சியே மாநிலமெங்கும் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது! எதிர்க்கட்சியார் கடையை அடைக்கச் சொல்வது நாம் அறிந்ததே. ஆள்வோரே அடைக்கச் சொன்ன விந்தையை அன்று கண்டோம். ஆளுநர் காங்கிரசின் கையாள் என்றனர் பாரதீய ஜனதாவினர். முதல்வர் பதவி விலகுவதே முறை என்றனர் காங்கிரசார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 ஆகஸ்டில் ஆளுநர் தாவர்சந்த் கெலாட், மைசூரு நகர வளர்ச்சி ஆணையத்தின் மனை ஒதுக்கீடு குறித்து முதலமைச்சர் சித்தராமையாமீது நடவடிக்கை எடுக்க இசைவளித்தார். இம்முறையும் அமைச்சரவை வேண்டாம் என்று முன்னரே கூறியிருந்தது. ஆளுநர் மத்திய ஆட்சியின் கைப்பாவை என்றனர் காங்கிரசார். முதல்வர் விலகுவதே முறை என்றனர் பாரதீய ஜனதாவினர். தெருக்கூத்தில் ஒருவர் வேடத்தை மற்றொருவர் கட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. பாட்டு மட்டும் பழைய பாட்டே. நடைப்பயணமும் அப்படித்தான். 2010-இல் சித்தராமையா முதலானோர் சுரங்க ஊழலை எதிர்த்துப் பெங்களூரிலிருந்து பல்லாரிக்கு நடந்தனர். 2024-இல் எதிரணியினர் பெங்களூரிலிருந்து மைசூருக்கு நடந்தனர்.

மைசூர் மனை விவகாரத்தைச் சற்று நின்று நோக்குங்கள். கேசரே என்னும் இடத்து 3 ஏக்கர் 16 குண்டை நிலத்துக்கு ஈடாக, முதல்வரின் துணைவியார்க்கு 14 மனைகள் வழங்கப்பட்டன என்பது செய்தி. வழங்கப்பட்ட ஆண்டு 2021. அவ்வாண்டில் ஆண்டதோ பாரதீய ஜனதா. ஆகவே ஒரு சாரார் எழுதியதில் 2021 என்னும் ஆண்டே காணப்படவில்லை. மற்றொரு சாரார் எழுதியதில் அவ்வாண்டைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லை. கொடுத்தவர் யார் என்பதை ஒருவர் மறைத்தார். பெற்றவர் யார் என்பதை மற்றவர் மறைத்தார். ஆணையத்தில் ஒரு மனைக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் குமாஸ்தாவையும் ஆசிரியரையும் பற்றி இரு சாராரும் எழுதியது மிகச் சொற்பம். வாடகை வீட்டில் வாழும் எம்மனோர்க்கு உறுத்துவது அதுவே.

வழக்குகள் என்னவாயின என வினவுவீர்கள். லோகாயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க அறிக்கையை அடுத்து 2011 ஜூலை 31-ஆம் நாள் எடியூரப்பா பதவி விலகினார், சிறையும் கண்டார், 2016 அக்டோபரில் தனி நீதிமன்றம் சுரங்க வழக்கில் அவரை விடுவித்தது. சித்தராமையா செய்தியில் ஆளுநரின் இசைவு செல்லும் என 2024 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் கூறிற்று. அடுத்த சில நாட்களிலேயே மனைகளைத் திருப்பித் தருவதாகத் துணைவியார் எழுதினார். 2025 பிப்ரவரியில் லோகாயுக்தா காவல் துறையினர் போதிய சான்று இல்லை என்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் தமக்கு இசைந்த முடிவை நீதி என்றும், இசையாததைச் சூழ்ச்சி என்றும் எழுதியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தனர்.

பிறரைச் சொல்வது எளிது. நம்மவரைப் பார்ப்போம். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. திறந்துவைத்தவர் கலைஞர் கருணாநிதி. அதற்கு வழிசெய்த முதல்வர் எடியூரப்பா. அந்நன்றி நமக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆயினும் 2011-இல், "வள்ளுவரைத் திறந்தவர்மீதா பழி?" என்று நம்மவர் சிலர் கேட்டதை எம் செவியாலேயே கேட்டோம். சிலைக்கு நன்றி வேறு, நிலத்துக்குக் கணக்கு வேறு அல்லவா? நடுவுநிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவரை முன்னிறுத்தியா இவ்வாதம்!

எம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயணச்சீட்டுச் சாளரத்தில் மாலையில் பணம் எண்ணும்போது குறைந்தால், அங்கு அமர்ந்தவர் தம் கையிலிருந்து கட்டவேண்டும். மிகுந்தால் அதனை இரயில்வே கணக்கில் சேர்க்கவேண்டும். மிகுதிக்கும் விளக்கம் கேட்பார்கள். அவர் எந்தத் தொழிற்சங்கத்தார் என்பதை எண்ணும் கை அறியாது. ஊரை ஆள்வோர்க்கு மட்டும் வேறு கணக்கா?

சொந்தக் கட்சியைக் கேள்வி கேட்டவர்கள் இந்நாட்டில் இல்லாமலில்லை. 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் இடப்பட்டதை நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார். நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரணை நடத்தினார். 1958-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, நம் தமிழர், பதவி விலகினார். மாமனார் மனம் எவ்வாறிருந்ததோ! கேட்கவேண்டியதை மருமகன் கேட்டுவிட்டார்.

நம் தெருவில் இவ்வழக்குகளின் பொருட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்டை வீட்டார் இருவர் இவ்வவையிலும் தனித்தனி வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். பெயர் கூறோம். இருபதாண்டு நட்பு எந்த முதல்வரின் பொருட்டோ முறிந்து கிடப்பது எமக்கு வருத்தம் தருகின்றது.

நிறைவாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்துச் செய்தித்தாள்களை மாதந்தோறும் பழைய தாள் கடைக்கு எடைபோட்டு விற்றுவிடுகின்றோம். இனி ஆண்டு வாரியாகக் கட்டி அலமாரியில் வைப்போமாக. ஒருவர் இன்று உரத்துப் பேசும்போது, அவர் விரும்பும் கட்சி பத்தாண்டுக்கு முன் என்ன பேசிற்று என்பதை எடுத்து அவர்முன் விரிக்கலாம். அலமாரிச் செலவில் ஒரு பங்கை யாமே ஏற்கின்றோம்.