கடல் யாருடையது என்று கேட்கும் வகுப்பு



பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படிக்கச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்திலேயே செமினார் வகுப்பு வந்துவிடும். வாசித்துவிட்டு வந்த கட்டுரையைப் பற்றி எல்லாரும் பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை கைடு பார்த்து விடை எழுதிய பிள்ளைகள் பலர் இங்கே வாயடைத்துப் போகிறார்கள். இங்கிலீஷ் சரியாக வராததால் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். அச்சில் வந்ததை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பெரிய தடை அதுதான் என்பது என் எண்ணம்.

இந்தப் படிப்பில் அடிக்கடி அடிபடும் பெயர் ஹ்யூகோ குரோஷியஸ். கடலை எந்த அரசும் சொந்தம் கொண்டாட முடியாது என்று வாதிட்ட இவரது 'மாரே லிபரும்' என்ற லத்தீன் நூல் 1609இல் வந்தது. கருத்தை மனப்பாடம் செய்தால் தேர்வில் மார்க் கிடைக்கும். செமினாரில் அதற்கு மேலே போக வேண்டும்: யார் எழுதியது, யாருக்காக, எந்த நேரத்தில்?

1603இல் சிங்கப்பூர் அருகே சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் குரோஷியஸ் எழுதிய பெரிய வாதத்தின் ஓர் அத்தியாயம்தான் இந்த நூல். அதே கம்பெனிதான் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை 1613 முதல் தன் கையில் வைத்திருந்தது. சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. இங்கிருந்து துணி போனது. மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கடல் எல்லாருக்கும் பொது என்று வாதாடிய கம்பெனி, மசாலாத் தீவுகளில் பிறர் வியாபாரம் செய்யாமல் தடுத்தது.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புத்தகத்துக்குள் அடங்கும் சேதி இல்லை. ஆனால் இவ்வளவையும் அவள் எழுதிவிட்டதால் குரோஷியஸின் வாதம் தோற்றுவிடாது. கப்பல் போக்குவரத்துக்குக் கடல் பொது என்ற கருத்து 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையிலும் இருக்கிறது. ஒருவருடைய உள்நோக்கத்தைக் காட்டுவது ஒரு வேலை, அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் பிரித்துச் செய்யப் பழகுவதற்கே முதல் வருஷம் முழுவதும் ஆகலாம். ஆனாலும் அந்த உழைப்பு வீண் போகாது.

மூல ஆவணத்தைத் தேடி வாசிக்கும் பழக்கமும் வேண்டும். கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலத் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களுக்கும் மரபாக இருந்த உரிமைகளைப் பேசுகிறது. 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களோ, அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. மூன்றையும் பக்கத்தில் வைத்து வாசித்தவள் கச்சத்தீவு பற்றிய மேடைப் பேச்சை எடைபோடுவாள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பொதுச் சொத்தை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. அதை வாசித்ததும் பழவேற்காட்டுப் பிள்ளைக்குப் பாடு முறை ஞாபகம் வர வேண்டும். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சில ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. போலீசோ கோர்ட்டோ வகுத்தது அல்ல, ஊரே கட்டிக்காத்தது. மேலே ஓர் அரசு இல்லாத இடத்தில் ஒத்துழைப்பு எப்படிச் சாத்தியம் என்பது பன்னாட்டு உறவுகளின் அடிப்படைக் கேள்வி. இதுபோன்ற உள்ளூர் விதிகளை உலகெங்கும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

"எங்க ஊர்ல அப்படி இல்லை" என்று வகுப்பில் சொன்னால் அது அனுபவம். யார் சொன்னது, எந்த ஊரில், எந்த வருஷத்து நிலவரம் என்று குறித்துவைத்து, இன்னொருவர் போய்ச் சரிபார்க்கும்படி எழுதினால் அது சான்று. தன் வாதத்துக்கு இடைஞ்சலானதையும் அவள் எழுத வேண்டும். பாடு உரிமை சாதியை ஒட்டி வந்தது. அதற்கு வெளியே நின்றவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஊர் விதி மாநில எல்லையைத் தாண்டிச் செல்லுமா என்ற கேள்வியும் வரும்.

பழவேற்காட்டுக் கரையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேத்தி நோட்டோடு வந்து பாடு முறையை விசாரித்தால், விதியைச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எப்போது மீறப்பட்டது, பஞ்சாயத்தில் யார் என்ன வாதம் வைத்தார்கள், யாருக்குப் பங்கு இல்லாமல் போனது என்பதையும் சொல்லுங்கள். அவள் கட்டுரைக்கு அதுதான் தேவைப்படும்.