லாட் சாகிபுக்காக அழும் அந்த இந்து யார்?



இன்று நான் ஒரு வெள்ளைக்கார ஜெனரலின் கல்லறையைப் பற்றிப் பேசப் போகிறேன். சாதி ஒழிப்பு மேடையில் அவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

உத்தரப்பிரதேசத்தில், கங்கைக் கரையில் காஜிப்பூர் என்ற ஊர். அங்கே 12 பெரிய கல்தூண்கள் தாங்கும் ஒரு குவிமாடக் கட்டடம். கட்டி முடிக்க 18 ஆண்டுகள் ஆயின. ஊர் மக்கள் அதை 'லாட் சாகிப் மக்பரா' என்கிறார்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் சார்லஸ் காரன்வாலிஸ்.

1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தது இவருடைய படைதான். தோற்ற ஜெனரலை ஐந்து ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். 1792-இல் திப்பு சுல்தானின் பாதி நாட்டைப் பறித்து, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பணயமாகச் சென்னைக்குக் கொண்டுபோனதும் இவர்தான். கோட்டை அருங்காட்சியகத்தில் இவருடைய சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் அந்தக் காட்சியையே செதுக்கியிருக்கிறார்கள். நம் செனடாஃப் சாலைக்குப் பெயர் வந்ததும் இவருடைய நினைவு மண்டபத்தால்தான். இரண்டாம் முறை பதவிக்கு வந்த சில மாதங்களில், 1805 அக்டோபர் 5 அன்று காஜிப்பூரில் இறந்தார்.

கல்லறைக்கு வருவோம். நடுவில் வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னம். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியின் வேலை. காரன்வாலிஸ் முகத்தின் இருபுறமும் இருவர் துக்கத்தோடு நிற்கிறார்கள்: ஓர் இந்து, ஒரு முஸ்லிம். மறுபக்கத்தில் ஐரோப்பியச் சிப்பாயும் இந்தியச் சிப்பாயும் துக்கம் காக்கிறார்கள்.

'ஓர் இந்து' என்றால் எந்த இந்து, தோழர்களே? ஏர் பிடித்தவரா, ஏர் பிடித்தவரிடம் குத்தகை வாங்கியவரா? கல் பதில் சொல்லாது. காரன்வாலிஸ் போட்ட சட்டங்கள் சொல்லும்.

1793-இல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டம் வந்தது. வசூலில் 11-இல் 10 பங்கு கம்பெனிக்கு, 1 பங்கு ஜமீன்தாருக்கு. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை என்றைக்கும் ஏறாது. உழுபவர் ஜமீன்தாருக்குக் கட்டும் தொகைக்கு அப்படி உறுதியான வரம்பு எதுவும் இல்லை. வரி வசூலித்துக் கொடுத்தவர் நிலத்தின் சொந்தக்காரர் ஆனார். 1795-இல் இது காசிப் பகுதிக்கு வந்தது; காஜிப்பூரும் அதற்குள் அடக்கம். 1802-க்குப் பின் நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பாளையங்களும் ஜமீன்களாயின.

அடுத்தது கல்வி. 1791-இல் இவருடைய ஆட்சியில்தான் ஜோனதன் டங்கன் என்ற கம்பெனி அதிகாரி காசியில் சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கினார். மருத்துவ ஆசிரியர் தவிர மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் பார்ப்பனராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. செலவுக்கான பணம் காசி நிலவரியிலிருந்து வந்தது. நிலவரி யாருடைய உழைப்பு? 1882-இல் ஹண்டர் கமிஷன் முன் ஜோதிராவ் புலே வைத்த கேள்வியும் இதுதான்: வரி கொடுப்பது சூத்திர உழவர், படிப்பது வேறொருவரா?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1789-இல் வங்காளத்திலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி விற்பதைத் தடை செய்தவரும் இதே காரன்வாலிஸ்தான். நல்ல காரியம். ஆனால் கப்பலில் ஏறிய அடிமைக்குத்தான் அந்தத் தடை. பண்ணையில் கட்டுண்டு கிடந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843-இல்தான் வந்தது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம்மைச் சுற்றி இரண்டு கதைகள் ஓடுகின்றன. சாதியை உண்டாக்கியதே வெள்ளைக்காரன் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் வந்துதான் நம்மை விடுவித்தான் என்பது இன்னொன்று. காரன்வாலிஸ் சாதியை உண்டாக்கவில்லை. அவர் வருமுன்பே சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது. அவர் அதை உடைக்கவும் இல்லை. நிலமும் சாத்திரமும் யார் கையில் இருந்தனவோ, அவர்களோடு ஒப்பந்தம் போட்டார். பழைய ஆதிக்கத்துக்குப் புதிய பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பத்திரத்தில் நம் பெயர் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதியது 1891-இல். பஞ்சமி நிலம் அதற்குப் பிறகு கிடைத்தது. அந்த நிலத்தை மீட்க இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது குடிகளுக்குப் பட்டா கிடைத்தது. அவர்கள் வயலில் கூலிக்கு நின்றவர் கூலிக்காரராகவே நின்றார்.

அந்தக் கல்லறையை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொல்லியல் துறை பாதுகாக்கட்டும். அது ஒரு சாட்சி. ஆட்சி தனக்காக யார் அழுவதாகக் காட்ட விரும்பியது என்பதற்குச் சாட்சி. அந்தப் பளிங்கில் ஏர் பிடித்தவர் இல்லை, அவர் மனைவி இல்லை, பண்ணையாள் இல்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊருக்குப் போனதும் கிராம நிர்வாக அலுவலகத்தில் நில ஆவணத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை ஏக்கர் என்று எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து பேசுவோம்.

 ஜெய் பீம்.