விதி எங்கே எழுதப்பட்டுள்ளது?

 

இவ்வெள்ளி விழாவில் கணினித் துறை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கணினியின் வேகத்தை வியந்து பேசுவோர் பலர் உளர். ஜாவா மொழியில் நிரல் எழுதும் பணிக்குச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு கருவியைப் பற்றி மட்டும் இங்கே பேச விழைகின்றேன். அதனை ரூல்ஸ் எஞ்சின் என்பர். நாம் விதிப்பொறி எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகின்றேன். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2,50,000-க்கு மிகாதிருந்தால் மாணவனுக்கு உதவித்தொகை உண்டு என ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். இதனைச் சாதாரண நிரலிலேயே எழுதிவிடலாம். ஆனால் இத்தகைய விதிகள் இருநூறு சேர்ந்தால் என்னாகும்? 'இப்படியானால் அப்படி' என்னும் வரிகள் ஒன்றனுள் ஒன்றாய்ப் புதைந்து, எந்த விதி எங்கே இருக்கின்றது என்பது எழுதியவனுக்கே தெரியாமற் போகும். வருமான வரம்பு மாறும்போது ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டுவிடுவர். அந்த விடுபட்ட வரியால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக்கூடும்.

விதிகளை நிரலிலிருந்து பிரித்து, தனி ஏட்டில் வரிசையாக எழுதிவைத்து, அவற்றைப் பொருத்திப் பார்க்கும் வேலையை ஒரு பொறியிடம் ஒப்படைப்பதே இதற்குத் தீர்வு. இதற்கு அடிப்படையான ரீட்டே என்னும் வழிமுறையைச் சார்லஸ் ஃபார்கி என்னும் அமெரிக்க அறிஞர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வகுத்தார். 1979-இல் முனைவர் பட்ட ஆய்வாகவும், 1982-இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் அது வெளிவந்தது. ரீட்டே என்றால் இலத்தீன் மொழியில் வலை என்று பொருள். ஒரு தகவல் மாறும்போது எல்லா விதிகளையும் முதலிலிருந்து சோதிக்காமல், அம்மாற்றம் தொடும் இழைகளை மட்டும் சோதிப்பதே அதன் நுட்பம்.

ஜாவா உலகில் இவ்வழியில் வந்த ட்ரூல்ஸ் என்னும் விதிப்பொறி 2001-இல் தொடங்கப்பெற்றது. அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கின்றது, கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நம் இளைஞர் எவரும் இறக்கிப் பயிலலாம்.

அதில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் உண்டு. 'வென்' என்னும் பகுதியில் நிபந்தனையும், 'தென்' என்னும் பகுதியில் செயலும் அமையும். நாம் தரும் தகவல்கள் பொறியின் நினைவில் சேர்க்கப்படும். நிபந்தனை நிறைவேறிய விதிகள் அஜெண்டா என்னும் வேலைப் பட்டியலில் ஏறும். 'ஃபயர் ஆல் ரூல்ஸ்' என்று ஆணையிட்டதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்.

இனிப் பழுதுகளுக்கு வருவோம். பயில்வோர் இடறும் இடங்கள் நான்கு.

முதலாவது, விதி இயங்காமல் மௌனமாய் இருப்பது. விதி ஏடு பிழையின்றி ஏற்கப்பட்டதா என்று முதலில் பிழைச் செய்திகளைப் படியுங்கள். பின்னர், தகவல் உண்மையிலேயே பொறிக்குள் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். ஃபயர் ஆல் ரூல்ஸ் எத்தனை விதிகள் இயங்கின என்ற எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அது சுழியமானால் நிபந்தனையிலோ தகவலிலோ கோளாறு.

இரண்டாவது, தகவலைத் திருத்தியும் முடிவு மாறாதிருப்பது. வருமானம் தவறாகப் பதிவாகிப் பின்னர் திருத்தப்படுகின்றது என்று கொள்வோம். ஜாவாவில் மதிப்பை மாற்றினால் மட்டும் போதாது. 'அப்டேட்' அல்லது 'மாடிஃபை' வழியாகப் பொறிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் பொறி பழைய முடிவையே பற்றிக்கொண்டிருக்கும். சான்றிதழைத் திருத்தி வந்த மாணவன் மீண்டும் 'தகுதியில்லை' என்னும் விடையையே பெறுவான். பிழை அவனுடையதன்று, அறிவிக்க மறந்த ஒரு வரியினுடையது.

மூன்றாவது, முடிவில்லாச் சுழற்சி. 'நிலுவை இருந்தால் நிலுவையோடு ஒரு ரூபாய் அபராதம் சேர்' என்று எழுதி மாடிஃபை செய்தால், சேர்த்த பின்னும் நிலுவை இருக்கும். விதி மீண்டும் எழும். நோ லூப் என்னும் குறிப்பு ஒரு விதி தன்னைத்தானே எழுப்புவதைத் தடுக்கும். இரு விதிகள் மாறிமாறி எழுப்பிக்கொள்வதைத் தடுக்காது. 'அபராதம் இன்னும் சேர்க்கப்படவில்லை எனில்' என்ற நிபந்தனையையும் இணைப்பதே நேரிய வழி.

நான்காவது, வரிசையை நம்புவது. ஏட்டில் முன்னே எழுதிய விதி முன்னே இயங்கும் என்று எண்ணி எழுதாதீர்கள். சேலியன்ஸ் என்னும் முன்னுரிமை எண்ணைக் கொடுக்கலாம்; எனினும் அது உப்பைப் போன்றது, அளவோடு இருத்தல் நலம். வேலை முடிந்ததும் டிஸ்போஸ் செய்து அமர்வை மூட மறவாதீர்கள். மறந்தால் நினைவகம் நிரம்பித் திணறும்.

இவற்றோடு மூன்று பழக்கங்களை மேற்கொள்ளுங்கள். ஒன்று, எல்லையில் சோதியுங்கள். 'மிகாமல்' என்பதைக் 'குறைவாக' என்று எழுதிவிட்டால், சரியாக ரூ.2,50,000 ஈட்டுபவரின் பிள்ளை வெளியே நிற்பான். ஆகவே 2,49,999, 2,50,000, 2,50,001 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு, தகுதியுண்டு என்பதற்கு மட்டுமன்றித் தகுதியின்மைக்கும் காரணத்தோடு ஒரு விதி எழுதுங்கள். மௌனம் ஒரு விடையாகாது. மூன்று, எந்தப் பெயருடைய விதி இயங்கியது என்பதைப் பதிவு செய்யுங்கள். அதற்கென அஜெண்டா நிகழ்வுகளைக் கேட்டுப் பதியும் வசதி ட்ரூல்ஸில் உள்ளது.

இளைஞர்களே! பொறி தானாக நீதி வழங்காது. அநீதியான விதியை எழுதிவைத்தால் அதனையும் பிசகாமல் நிறைவேற்றும். ஆயினும் விதி தனியே, பெயரோடு, படிக்கும்படி எழுதப்பட்டிருந்தால், 'எந்த விதியால் என்னை மறுத்தீர்கள்?' என்று ஒருவன் கேட்க முடியும். கேட்டால் காட்டவும் முடியும். புதைந்து கிடக்கும் விதியிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. விதி எங்கே எழுதப்பட்டுள்ளது என்று அறியாதவர்கள் காலங்காலமாக வாயிலிலேயே நின்றிருக்கின்றார்கள். இனி விதி எழுதும் நாற்காலியில் நம் பிள்ளைகள் அமரப் போகின்றார்கள். அங்கே அமர்ந்து எழுதும்போது, வாயிலில் நிற்பவனும் படித்தறியும்படி எழுதுங்கள்.