செவிலியருக்கு ஒரு மருத்துவமனை

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற செவிலியருக்கே உடம்புக்கு முடியவில்லை என்றால், அவர் எங்கே போவார்?

ஆப்பிரிக்காவில் ஒரு குட்டி நாடு, சுவாசிலாந்து. இன்று அதன் பெயர் எஸ்வாத்தினி. எச்.ஐ.வி. மிக மோசமாகப் பரவிய நாடு. செவிலியர்களையும் அது விடவில்லை. ஆனால் பரிசோதனைக்குப் போகத் தயக்கம். நேற்று யாருக்கு மாத்திரை கொடுத்தாரோ, அவருக்குப் பின்னாலேயே இன்று வரிசையில் நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள்? எவ்வளவு பெரிய வேதனை அது!

அந்நாட்டுச் செவிலியர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. பன்னாட்டுச் செவிலியர் பேரவையும் கைகொடுத்தது. 2006-இல் மன்சினி நகரில், மருத்துவப் பணியாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே ஒரு நலவாழ்வு மையம் திறந்தார்கள். பரிசோதனை, சிகிச்சை, மனம்விட்டுப் பேச ஓர் ஆள், எல்லாம் அங்கேயே. சங்கம் என்றால் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கும். கொடுக்கத்தான் வேண்டும். இந்தச் சங்கமோ, தன் செவிலியர்களுக்கு வைத்தியமும் பார்த்தது.