எண்பது நாள் பயணமும் ஒரு கைப்பையும்



இன்று புத்தகப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றியே சொல்லுகிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதி 1873-இல் நூலாக வந்த கதை அது. லண்டன் கனவான் ஃபிலியாஸ் ஃபாக், எண்பது நாளில் உலகைச் சுற்றி வருவேன் என்று 20,000 பவுன் பந்தயம் கட்டுகிறார். வட இந்தியாவில் தண்டவாளம் பாதியில் நின்று போகவே யானையை விலைக்கு வாங்கி அதன் மேல் போகிறார்! ஹாங்காங் போகும் வழியில் கப்பல் நிலக்கரி ஏற்றச் சிங்கப்பூரிலும் நிற்கிறது.

கடைசியில் ஒரு நாள் பிந்திவிட்டோம் என்று மனம் உடைகிறார். உண்மையில் பிந்தவில்லை. கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் முந்தியே பொழுது விடிகிறது. 360 பாகைக்கு எவ்வளவு? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பெருக்கிப் பாருங்கள். சரியாக ஒரு நாள் வரும்.

இது கட்டுக்கதைதானே என்பீர்கள். ஆனால் அந்த வழியிலேயே நிஜமாக ஒரு பெண் போய் வந்தார். அவர் நெல்லி பிளை, அமெரிக்கப் பத்திரிகைக்காரர், வயது 25. முதலில் பத்திரிகை நிர்வாகம் ஒப்பவில்லை. பெண்ணுக்குத் துணை வேண்டும், பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டும், ஆண்பிள்ளையைத்தான் அனுப்புவோம் என்றார்கள். "அனுப்புங்கள், நான் வேறு பத்திரிகைக்காகப் போய் அவரை முந்துகிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார் அந்த அம்மா.

1889 நவம்பர் 14-ஆம் நாள், போட்டிருந்த உடுப்போடும் ஒரே ஒரு கைப்பையோடும் கப்பல் ஏறினார். வழியில் பிரான்சில் ஜூல்ஸ் வெர்னையே கண்டு பேசினார். கொழும்பில் ஐந்து நாள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார். பிறகு நம் பினாங்கு! அடுத்து சிங்கப்பூர், அங்கே ஒரு குரங்கை வாங்கினார். அங்கேயே ஒரு இந்துக் கோயிலில், பெண் என்பதால் உள்ளே விடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. 72 நாளில் ஊர் திரும்பினார், கதாநாயகரைவிட ஒரு வாரம் முந்தி.

1988-இல் மைக்கேல் பேலின் என்ற ஆங்கிலேயரும் விமானம் ஏறாமல் அதே பாதையில் போனார். அவருக்குத் தொலைக்காட்சிக் குழு துணை இருந்தது.

இதை நான் ஏன் இங்கே சொல்லுகிறேன்? போன மாதம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "பொம்பளப் பிள்ளை சார், பன்னிரண்டு கட்டை பஸ்ல தனியா போவணுமே, ஆறாவதோட நிறுத்திக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். அவர் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. எனக்கும் மகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை இன்று இந்த மேடையில் மூன்று பரிசு வாங்குகிறாள்.

ஐயா, பெயர் சொல்ல மாட்டேன். இடைநிலைப்பள்ளிப் படிவம் என் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே பஸ்ஸில் போகிறார்கள். முதல் வாரம் நானும் கூடவே போகிறேன். விழா முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக்கு வாருங்கள். நெல்லி பிளை போன வழியை உலகப் படத்தில் சிவப்பு நூலால் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒட்டியது உங்கள் மகள்தான். தேத்தண்ணியும் அங்கேதான்.